ஆற்றுக்குள் வெதுவெதுப்பு, படித்துறையில் வெடவெடப்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் விடிகாலை ஐந்து மணிக்கு எங்கள் செட்டு மாயவரம் காவிரிக்கரையில் ஆஜர். துலா மாதம் முழுக்க முழுக்குப் போட்டு, மாதக் கடைசியில் கடைமுழுக்கோடு முடிப்போம். நாலு பேரில் பக்தி ஒருவனுக்குத்தான். மற்ற மூன்று பேருக்கும் முழுக்குக்கு அப்புறம் வரும் காபிதான் விசேஷம்.

போன வருஷம் ஐந்தாவதாக ஒருத்தன் சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்தவன், இப்போது அயர்லாந்தில் வேலை. தீபாவளிக்கு வந்தவன் ஒரு மாதம் தங்கினான். அங்கே அவனுக்கு அலைச்சறுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பண்டோரன் என்ற கடற்கரை ஊருக்கு நண்பர்களோடு போய், நவம்பர், டிசம்பர் என்று பார்க்காமல் அட்லாண்டிக்கில் பலகையோடு இறங்குகிறானாம். முதல் நாள் படித்துறையில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். "இதுக்குப் பேரு குளிராடா? அங்க தண்ணி 12 டிகிரி. இது வெந்நீர்."

இறங்கினான், முங்கினான், நீந்தினான். எல்லாம் சரி. கரையேறி ஈரவேட்டியோடு படியில் நின்று பழைய கதை பேச ஆரம்பித்தான். மழை விட்டு வடக்கேயிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்துவிட்டான். பல் கிட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை. தலை துவட்டி, உலர்ந்த வேட்டி மாற்றியிருந்த நாங்கள் நாலு பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தோம். அட்லாண்டிக்கில் நீந்துகிறவன் காவிரிப் படித்துறையில் நடுங்கினால் சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்து முடித்த பிறகுதான் ஏன் என்ற கேள்வி வந்தது.

மறுநாள் மீன் தொட்டிக்குப் போடும் தெர்மாமீட்டரை எடுத்துப் போனேன். ஆற்றுத் தண்ணீர் 26 டிகிரியை ஒட்டி இருந்தது, காற்று 23. ஆக, அந்நேரத்தில் தண்ணீர்தான் சூடு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு கன அளவு தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, அதே அளவு காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். பகலில் வாங்கி வைத்ததைத் தண்ணீர் ராத்திரியில் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. காற்று விட்டுவிடும்.

ஆனால் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள். பாதம் நனையும்போது தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். முழங்கால் வரைகூடப் பரவாயில்லை. வயிற்றைத் தொட்டதும் "ஸ்ஸ்" என்று மூச்சு உள்ளே போகும். ஒரே தண்ணீர்தான், பாதத்துக்குச் சுடுகிறது, வயிற்றுக்குக் குளிர்கிறது. தோலிடம் தெர்மாமீட்டர் கிடையாது, அதுதான் காரணம். தோலில் உள்ள நரம்பு முனைகளுக்குத் தெரிவது தங்கள் சொந்தச் சூடும், அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும்தான். ஈரப்படியில் வெறுங்காலோடு நடந்து வந்த பாதம் ஏற்கெனவே 25 டிகிரிக்கு இறங்கியிருந்தால், 26 டிகிரித் தண்ணீர் அதற்கு ஏற்றம். துணிக்குள் பத்திரமாக இருந்த வயிறோ 33, 34 டிகிரியில் இருக்கும். அதற்கு அதே தண்ணீர் படுவீழ்ச்சி.

அந்த நரம்பு முனைகளில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் டி.ஆர்.பி.எம்.8. சூடு குறையும்போது அது கதவுபோலத் திறந்து நரம்பில் செய்தியைத் தட்டிவிடும். மென்தால் பட்டாலும் அதே கதவு திறக்கும். தலைவலித் தைலம் தடவினால் நெற்றி ஜில்லென்று இருப்பது இந்த ஏமாற்றுதான், அங்கே சூடு ஒரு டிகிரிகூடக் குறைய வேண்டியதில்லை. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூடியன் ஆகிய இருவரும் தனித்தனியே இந்தப் புரதத்தைப் பிடித்தார்கள். சூட்டையும் தொடுதலையும் உணரும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, கரையேறியவன் ஏன் நடுங்கினான்? ஈரவேட்டிதான் குற்றவாளி. தோலில் ஒட்டிய தண்ணீர் ஆவியாகப் போக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். 100 மில்லி, அதாவது ஒரு சின்ன டம்ளர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 240 கிலோஜூல். 60 கிலோ உடம்பின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க 210 கிலோஜூலை எடுத்தால் போதும். நனைந்த நாலு முழ வேட்டி கால் லிட்டர் தண்ணீரைச் சுலபமாகப் பிடித்து வைத்திருக்கும். அந்த வெப்பம் முழுக்க உடம்பிலிருந்தே போவதில்லை, காற்றும் கொஞ்சம் கொடுக்கும். ஆனாலும் காற்று வீச வீச உடம்பின் பங்கு கூடிக்கொண்டே போகும். ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கிறதே, ஆவியாகுமா என்று கேட்டான் எங்களில் ஒருவன். நல்ல கேள்வி. காற்றைவிடத் தோல் சூடாக இருக்கிறவரை ஆவியாகும், வேகம்தான் குறையும்.

தோல் குளிர்ந்த செய்தி மூளைக்குப் போனதும், உள்ளே சூடு இறங்கும் முன்பே அது தசைகளை ஆட்டிவிடுகிறது. நடுக்கம் என்பது உடம்பு அடுப்பு மூட்டுவது. பலமாக நடுங்கினால் சும்மா இருக்கும்போது உண்டாவதைப்போல ஐந்து மடங்கு வரை வெப்பம் உண்டாகும். அப்புறம் இன்னொன்று, பேச யாரும் துணியாத விஷயம். தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு முட்டுவது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சுற்றியுள்ள தண்ணீரும் அழுத்தும். ரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். ரத்தம் அதிகமாகிவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொண்டு தண்ணீரைச் சிறுநீரகம் வழியே வெளியேற்றச் சொல்லும். அட்லாண்டிக் நண்பனிடம், அலைச்சறுக்குக்குப் போடும் அந்த ரப்பர் உடைக்குள் இருக்கும்போது முட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை.

அந்த உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் 12 டிகிரியில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். பெயர் வெட்சூட், பெயரிலேயே ஈரம். உள்ளே புகும் தண்ணீர் உடம்புச் சூட்டில் சூடாகிப் போர்வைபோல நிற்கும் என்றுதான் அவனே நினைத்துக்கொண்டிருந்தான். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் தண்ணீர் நல்ல போர்வை அல்ல. காற்றைப்போல 25 மடங்கு வேகத்தில் அது வெப்பத்தைக் கடத்தும். காப்பது துணிக்குள் இருக்கும் குமிழிகள். நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரும்பகுதி சிறைப்பட்ட காற்றுதான். அதனால்தான் ஐஸ் கரையாமல் வந்து சேர்கிறது. நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரை அதேபோல நுரையாக்கி நாலைந்து மில்லிமீட்டர் கனத்துக்குத் தைத்தால் வெட்சூட். 1950-களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலர் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இது. சூட்டைக் காப்பது துணியில் உள்ள குமிழி என்றால், ஆள் நனைந்தால் என்ன? உள்ளே புகுந்த தண்ணீர் நகராமல் இருந்தால் போதும். உடை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் புதுத் தண்ணீர் புகுந்து புறப்படும், கொடுத்த காசு வீண்.

உடை காப்பாற்றாத இடம் முகமும் முதல் நிமிஷமும். குளிர்ந்த தண்ணீர் சட்டென்று பட்டால் மனிதன் தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சை உள்ளே இழுப்பான். சாதாரணமாக அரை லிட்டர் இழுக்கிறவன் ஒன்றிரண்டு லிட்டர் இழுத்துவிடுவான். அந்தக் கணம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது கதை. தொடர்ந்து மூச்சு இரைக்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். முதல் அரை நிமிஷத்தில் உச்சம், இரண்டு மூன்று நிமிஷத்தில் தணிந்துவிடும். ஐஸ் தண்ணீரில் விழுந்தவன் உறைந்து சாகிறான் என்று நினைப்போம். உடம்பின் உள்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணிக்குமேல் ஆகும். அதுவரை போகாமல் பலர் சாவது இந்த முதல் மூச்சில். இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நம் பெரியவர்கள் காலை நனைத்து, தலையில் கொஞ்சம் தெளித்து, படிப்படியாக இறங்கியதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே நேரத்தில் எவ்வளவு தோல் குளிர்கிறது, எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதைப் பொறுத்தே அந்த அதிர்ச்சி.

இந்த அதிர்ச்சியை உடம்பு பழகிக்கொள்ளும். அதுவும் சீக்கிரமாக. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். குளிர்ந்த தண்ணீரில் சில நிமிஷங்கள் வீதம் ஐந்தாறு தடவை இறங்கினாலே அந்தப் பெருமூச்சும் படபடப்பும் ஏறக்குறையப் பாதியாகும். அந்தப் பழக்கம் பல மாதங்களுக்குப் பிறகும் ஓரளவு மிஞ்சியிருக்கும். ஐப்பசி முதல் வாரம் "ஐயோ" என்கிறவன் மூன்றாவது வாரம் சும்மா இறங்குவது இதனால்தான். தண்ணீர் மாறவில்லை, காவிரி அதே காவிரி. ஒன்று மட்டும் கவனம். பழகியது மூச்சும் இதயமும்தான், வெப்பம் இழக்கும் வேகம் அப்படியேதான் இருக்கும். நம் நண்பன் சறுக்கிய இடம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனோம். டேனிஷ் கோட்டைக்கு முன்னால் நின்று அலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பக்கத்துக் காற்று கிளப்பிய அலைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நுரைத்து உடைகின்றன. இதில் ஏறினால் இடுப்பு முறியும் என்றான். அவன் ஊரில் அலை தூரத்துப் புயலில் பிறக்கிறது. நீள அலை வேகமாக ஓடும், குட்டை அலை பின்தங்கும், அதனால் வழியிலேயே தரம்பிரிந்து வரிசையாகக் கரை சேரும். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 14 விநாடி இடைவெளி இருந்தால் அந்த அலைக்கூட்டம் மணிக்கு 39 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மூன்று நாளைக்கு முன்னால் வடஅட்லாண்டிக் நடுவே அடித்த காற்று இன்றைக்கு அவன் பலகைக்கடியில். குளிர்காலத் தொடக்கத்தில்தான் அந்தப் புயல்கள் வலுக்கின்றன, கடலோ கோடைச் சூட்டை இன்னும் முழுக்க விடவில்லை. நவம்பரில் 12, 13 டிகிரி. பிப்ரவரி, மார்ச்சில்தான் 8, 9-க்கு இறங்கும். அதனால்தான் இந்த மாதங்களை அவர்கள் விடுவதில்லை.

கடைமுழுக்கு அன்றைக்கு அவன் தூங்கிவிட்டான். மறுநாள் கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. தாமதமாக வந்த முடவனுக்கு இரங்கி அந்த நாளையும் கணக்கில் சேர்த்த ஊர் இது, இவனை விடுமா? வந்து முங்கி எழுந்தவன், யாரும் சொல்லாமலே முதலில் தலையைத் துவட்டி, உலர்ந்த வேட்டி கட்டி, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தான்.

டிசம்பரில் பண்டோரனிலிருந்து ஒரு படம் அனுப்பினான். கார் நிறுத்தும் இடம், பின்னால் சாம்பல் கடல். நண்பர்கள் மூன்று பேர் பாதி கழற்றிய வெட்சூட்டோடு காற்றில் நின்று நடுங்குகிறார்கள். இவன் மட்டும் தோளைச் சுற்றி ஓர் ஈரிழைத் துண்டு, கையில் பிளாஸ்க்.