நெகட்டிவ் என்றதும் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள்

இந்த மழை சீசனில் இப்படி ஆனது இது மூன்றாவது பிள்ளை. ஓமலூர்ப் பக்கத்துப் பையன், ஆறு வயது. காய்ச்சல் கண்ட மறுநாளே எடுத்த ரத்தம் எங்கள் லேபுக்கு வந்தது, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஐஜிஎம் எலிசா என்கிற டெஸ்ட் நெகட்டிவ். "அந்தக் காய்ச்சல் இல்லையாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விட்டார்கள். ஐந்தாம் நாள் வலிப்போடு, நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். ஏழாம் நாள் எடுத்த ரத்தம் டெஸ்ட் தட்டில் பளிச்சென்று மஞ்சளாக மாறியது. பாசிட்டிவ்.

எத்தனை முறைதான் சொல்வது? இந்த டெஸ்டில் நாங்கள் வைரஸைத் தேடுவதில்லை, வைரஸை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியைத் தேடுகிறோம், அதைத் தயாரிக்க உடம்புக்கு நாள் பிடிக்கும், முதல் இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் பெரும்பாலும் சிக்காது, ஒன்பது பத்து நாளில் அநேகமாக எல்லோருக்கும் வந்துவிடும். இரண்டாம் நாள் நெகட்டிவ் என்றால் 'இன்னும் தெரியவில்லை' என்று அர்த்தம். 'இல்லை' என்று அல்ல! இந்த வைரஸுக்கென்று தனி மருந்தும் கிடையாது. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கட்டுப்படுத்தித்தான் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும்.

முதுகில் நீர் எடுக்க டாக்டர் கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள். கால் விளங்காமல் போய்விடும் என்கிற பயம் வேண்டாம். ரத்தத்தில் டெங்கு ஆன்டிபாடி குழப்பும், சமீபத்தில் போட்ட தடுப்பூசியும் குழப்பும், முதுகு நீரில் வரும் ஐஜிஎம்மை அதைவிட நம்பலாம். டாக்டர்களுக்கும் ஒன்று: படிவத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலியாக விட்டால் ரிசல்ட்டை நாங்கள் எதை வைத்துப் படிப்பது?

அப்புறம், பன்றியிடமிருந்து கொசு வழியாக இந்த வைரஸ் வருகிறது என்பதால் ஆத்தூரிலிருந்து ஒருவர் டிபன் பையில் பன்றி ரத்தம் கொண்டுவந்தார். அக்கறை புரிகிறது, ஆனால் எங்கள் கிட் மனித ஆன்டிபாடியை மட்டும்தான் பிடிக்கும், கால்நடை மருத்துவரிடம் போங்கள். பன்றி உடம்பில் வைரஸ் சில நாள்தான் ஓடும், பிறகு ஆன்டிபாடி வந்துவிடும். இன்னும் தொற்றாத குட்டிகள்தான் அடுத்து வைரஸைப் பெருக்கிக் கொசுவுக்குக் கொடுக்கும். கொக்கும் மடையானும் அப்படித்தான். மாட்டிடமிருந்து இது பரவாது, பயந்து விற்காதீர்கள்.

இதைப் பரப்புவது வயல் தண்ணீரில் முட்டையிட்டு, இருட்டியதும் கடிக்கிற கொசு. சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. பன்றிக் கொட்டகையை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள், பிள்ளைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், தடுப்பூசி உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் ரிசல்ட் நெகட்டிவாக இருந்தாலும், ஒரு வாரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுக்க வருவோம், மறுக்காமல் கொடுங்கள்.