பெரிய ஃபைல் நாலையும் அழித்துவிட்டார்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். பினாங்கு லெபோ பசாரில் ஒரு மளிகை மொத்தக் கடை. வெள்ளிக்கிழமை காலையில் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் டிஸ்க் உயிரை விட்டது. முதலாளி பதறவில்லை. "பேக்கப்தான் தினமும் ஓடுதே தம்பி, எடுத்துப் போடுங்க" என்றார். கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நானும் பதறவில்லை, பேக்கப் டிஸ்க்கைத் திறக்கும்வரை.

உள்ளே 22 ஃபைல்கள். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று ஜிபி. ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் முழுசாக எடுக்கும் 200 ஜிபி ஃபுல் பேக்கப் ஒன்றைக்கூடக் காணோம்.

முதலாளியின் மகன் தலையைச் சொறிந்தார். "செவ்வாய்க்கிழமை இடம் இல்லன்னு வந்துச்சு அண்ணே. பெரிசா நாலு இருந்துச்சு, அதைத்தான் அழிச்சேன். புதுசெல்லாம் அப்படியே இருக்கு."

இருந்தது, உண்மைதான். ஆனால் திங்கள் முதல் சனி வரை எடுப்பது இன்கிரிமெண்டல். முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும்தான் அது எடுத்து வைக்கும். முதலாளிக்கு அவர் மொழியிலேயே சொன்னேன்: "ஐயா, முன்னிருப்பு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, அன்றாட வரவு செலவுச் சீட்டை மட்டும் கையில் கொடுத்தால் இருப்பு எவ்வளவு என்று சொல்வீர்களா?" அவர் மகனைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

முறைப்படி நடந்திருந்தால், ஞாயிறு ஃபுல்லை முதலில் இறக்கி, அதன்மேல் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என வரிசையாகப் போட்டிருப்பேன். நடுவில் செவ்வாய் ஃபைல் கெட்டிருந்தால் திங்கள் இரவோடு நிற்க வேண்டியதுதான். புதனும் வியாழனும் நல்லபடி இருந்தும் அவற்றை நம்பிப் போட முடியாது. டிஃபரென்ஷியல் என்று இன்னொரு வகை உண்டு. அது கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் தினமும் சேர்த்து எடுக்கும். ஃபுல்லும் வியாழன் ஃபைலும் போதும். ஆனால் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். அதற்கும் ஃபுல் இல்லாமல் கதி இல்லை.

அப்புறம் மேசை டிராயரில் ஒரு பழைய டிஸ்க் கிடைத்தது. பிப்ரவரியில் நான் எடுத்து வைத்த ஃபுல். "அதுமேல இந்தச் சின்னதுகளைப் போடுங்களேன்" என்றார் முதலாளி. எல்லாரும் கேட்கும் கேள்விதான். அந்த 22 ஃபைல்களும் கடைசி நான்கு வாரத்து மாற்றங்கள். பிப்ரவரிக்கும் அதற்கும் நடுவில் மாறியது எதிலும் இல்லை. போட்டால் கணக்கு வரும், தப்பும் தவறுமாக. அதைவிட வெறுமையே மேல்.

இத்தனைக்கும் தினமும் பேக்கப் முடிந்தது என்று பச்சை டிக்தான் விழுந்திருக்கிறது. எது மாறியது என்ற குறிப்பு சர்வரிலேயே இருந்ததால், ஃபுல் போனது அந்த மென்பொருளுக்குத் தெரியவே இல்லை. அழித்த இடத்தின் மேலேயே புதுசும் எழுதப்பட்டிருந்ததால், அழித்ததை மீட்கவும் வழியில்லை. பச்சை டிக்கை நான் இப்போது நம்புவதில்லை. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ஃபுல்லும் அதன்மேல் வரும் சின்னதுகளுமான முழுத் தொடரையும் இறக்கி, போன வாரத்து இன்வாய்ஸ் ஒன்றைத் திறந்து பார்க்கிறேன். டிஸ்க் நிரம்பினால் பழைய தொடரை ஃபுல்லோடு சேர்த்து, மென்பொருள் வழியாகவே நீக்க வேண்டும். ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்கவே கூடாது.

கடையில் பிப்ரவரி ஃபுல்லை இறக்கி, மீதியைக் காகிதப் பில்களிலிருந்து மூன்று பேர் உட்கார்ந்து அடித்தார்கள். மலேசியாவில் வருமான வரிக்காகக் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் பில் பெட்டிகள் மாடியில் இருந்தன, நல்ல காலம்.

போன மாதம் மகன் மறுபடி போன் செய்தார். பேக்கப் சிவப்பாக எரிகிறதாம் (இப்போது போட்டிருக்கும் மென்பொருள் ஃபுல் இருக்கிறதா என்றும் பார்க்கும்). போய்ப் பார்த்தால், யாரும் தொடக்கூடாது என்று புதிய ஃபுல் ஃபைலின் பெயரையே 'அழிக்காதே' என்று மாற்றி வைத்திருக்கிறார். பழைய பெயரைத் திரும்ப வைத்துவிட்டு, அந்த ஃபோல்டருக்குள் அவர் நுழையும் உரிமையையும் எடுத்துவிட்டேன்.