திட்டத்தை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

இணைய வேகச் சோதனையில் 94 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 94 மெகாபிட்) என்ற எண்ணைப் பார்த்தால், பையிலிருந்து நான் முதலில் எடுப்பது ஒரு புதுக் கேபிளைத்தான்.

சிங்கப்பூரின் ஈஷூனில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) போதாது என்று யாரோ சொல்லிவிட, இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு 3 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறியிருந்தார். மாறுவதற்கு முன்பும் கணினியில் 94, மாறிய பின்பும் 94. “தம்பி, மாசாமாசம் கூடக் கட்டுறேன், ஒரு புள்ளிகூட ஏறலையே” என்றார். “அங்கிள், இந்தக் கேபிள் எப்ப வாங்கினது?” என்று கேட்டேன். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்ததாம். மேசை நாற்காலியின் சக்கரம் ஏறி ஏறி, ஓரிடத்தில் தட்டையாகியிருந்தது. கேபிளை மாற்றினேன். அடுத்த சோதனையில் 940.

நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு, இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகளாக. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு சோடிகளில் ஒரு கம்பி அறுந்தாலும், கணினியும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசி பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இணையம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அந்த 100-ல் தரவோடு ஒட்டிவரும் முகவரித் தகவல்களுக்குக் கொஞ்சம் போய்விட, நம் கைக்கு வருவது ஏறக்குறைய 94. கேபிளின் மேலுறையில் ‘கேட்5இ’ அல்லது ‘கேட்6’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள் அது. அந்த அங்கிளோ இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார். இப்படி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

இணையம் மெதுவாக இருக்கிறது என்று சொல்லும்போது, எந்த இடத்தில் மெதுவாக இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கண்ணாடி இழை (ஃபைபர்) வந்து சேரும் சுவர்ப் பெட்டியிலிருந்து உங்கள் கைப்பேசி வரை பல துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். முதலில் மடிக்கணினியைக் கேபிள் வழியாக நேரே ரவுட்டரில் செருகி அளந்து பாருங்கள். அங்கே 900-க்கு மேல் வந்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. பிறகு ரவுட்டர் பக்கத்திலேயே நின்று வைஃபையில் அளங்கள். கடைசியாகப் படுக்கையறையில். எண் எந்த இடத்தில் விழுகிறதோ, கோளாறும் அங்கேதான்.

பெரும்பாலும் அது படுக்கையறைக்குப் போகும் வழியில்தான் விழுகிறது. நம் வீடுகளில் அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1998-க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் இருக்கும். குண்டுவெடிப்பைத் தாங்குவதற்காகக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை அலைக்கு அதைவிட மோசமான தடை வீட்டுக்குள் வேறு கிடையாது. ஆனால் எத்தனை வீடுகளில் ரவுட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது தெரியுமா? பொங்கோலில் ஒரு வீட்டில், பார்வைக்கு அழகாக இல்லை என்று ரவுட்டரை உள்ளே வைத்து, முன்னால் அரிசி மூட்டையையும் அடுக்கி, கதவையும் சாத்தியிருந்தார்கள். வாசலருகே இருக்கும், மின்சார சுவிட்சுகள் உள்ள டிபி பெட்டிக்குள் ரவுட்டரைத் திணிப்பதும் இதே கதைதான். தகரக் கதவுக்குப் பின்னால் சூட்டில் வெந்துகொண்டிருக்கும்.

அந்தப் பொங்கோல் வீட்டு அக்கா ஏற்கெனவே ஒரு மெஷ் செட்டும் (வீட்டின் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் பெட்டிகள்) வாங்கியிருந்தார். இரண்டாவது பெட்டியை, சிக்னல் வராத கடைசி அறையில் வைத்திருந்தார். சிக்னல் வராத இடத்தில் வைத்தால் அந்தப் பெட்டிக்கும் சிக்னல் வராது. தனக்குக் கிடைப்பதைத்தானே அது மற்றவர்களுக்குத் தரும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அதைவிட நல்ல வழி ஒன்று அவர் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. புதிய வீவக வீடுகள் பலவற்றில் அறைகளுக்கு நெட்வொர்க் கேபிள் முன்பே இழுத்துவிட்டிருக்கும். சுவரில் தொலைபேசிச் செருகி போன்ற ஒரு சின்னச் சதுரத் துளை. பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அலமாரிக்குப் பின்னால் மறைந்துபோன வீடுகளும் உண்டு. அதில் மெஷ் பெட்டியைச் செருகினால், சுவர்களைத் துளைத்துக்கொண்டு அலை போகவேண்டிய தேவையே இல்லை. அன்றைக்கு நான் எதையும் புதிதாக விற்கவில்லை. அலமாரியைத்தான் நகர்த்தினோம்.

அடுக்குமாடி வாழ்க்கையில் அண்டை வீட்டு வைஃபையும் சேர்ந்துகொள்ளும். வைஃபை அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (பாதைகள்) 1, 6, 11 என மூன்றுதான். ஒரு புளோக்கில் எத்தனை வீடுகள் அந்த மூன்றைப் பங்கிட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான். கைப்பேசியையும் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடாருக்குத்தான் முன்னுரிமை. ரேடார் இருப்பதாக உணர்ந்தால் ரவுட்டர் உடனே விலகிவிட வேண்டும். மறுபடி அதுபோன்ற சேனலில் உட்காரும் முன் குறைந்தது 60 விநாடி காத்திருந்து பார்க்க வேண்டும். காரணமே தெரியாமல் வைஃபை சட்டென்று மறைந்து, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால், ரவுட்டர் அமைப்பில் சேனலை 36-க்கு மாற்றிப் பாருங்கள்.

மெதுவாக இருப்பது ஒன்று, விட்டுவிட்டு வருவது வேறொன்று. இரண்டாவதுதான் ஆட்களை அதிகம் வாட்டுகிறது. பிள்ளை இணையத்தில் துணைப்பாட வகுப்பில் இருக்கும். ஆசிரியரின் முகம் உறையும், குரல் வெட்டி வெட்டி வரும். வேகச் சோதனையில் மட்டும் 300 காட்டும். காணொளி அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கே 25 போதும். அப்படியானால் 300-ல் எது குறைகிறது?

பட்டிமன்ற மேடையில் ஒரே ஒரு மைக் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வைஃபை சேனலும் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அருகில் இருக்கும் சாதனம் வேகமாகப் பேசி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடைசி அறையில் பலவீனமான சிக்னலில் இருக்கும் கைப்பேசி மெதுவாகத்தான் பேசும். அதே விஷயத்தைச் சொல்ல மைக்கை நெடுநேரம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கைப்பேசி அந்நேரம் பார்த்து நேற்றைய கல்யாண வீட்டுப் படங்களையெல்லாம் மேலேற்றிக்கொண்டிருந்தால், பிள்ளையின் வகுப்பு காத்துக்கிடக்கும். படங்களின் தானியங்கிப் பதிவேற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றுங்கள். வகுப்பு நடக்கும் கணினிக்குக் கேபிள் போடுங்கள். உட்லண்ட்ஸில் ஒரு வீட்டில் இந்த இரண்டும் மட்டும் செய்தோம். குறை நின்றது.

எங்கே வெட்டுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த சோதனை பிங்: ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. வைஃபையில் இருக்கும் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1), மற்றதில் கூகுளின் 8.8.8.8-க்கும் தொடர்ந்து பிங் அனுப்புங்கள். ரவுட்டருக்குப் போய்வரும் நேரமே தாறுமாறாகக் குதித்தால் குறை உங்கள் வீட்டுக்குள். அது சீராக இருந்து, வெளியே போவது மட்டும் குதித்தால் குறை வெளியே. அரை மணி நேரம் ஓடவிட்டுப் படம் எடுத்து வையுங்கள். சேவை நிறுவனத்திடம் பேசும்போது அதைவிட வலுவான சாட்சி இல்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் ஊருக்குப் பேசும்போது மட்டும் தடுமாறுகிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. சிங்கப்பூரையும் சென்னையையும் 2002-லிருந்து இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர எப்படியும் 30 மில்லிவிநாடி ஆகும். சுற்றுவழியில் போனால் இன்னும் கூடும். இங்கே 10 ஜிபிபிஎஸ் வாங்குவதால் அந்தத் தூரம் குறையாது. 2024-ல் அரசாங்கம் 10 ஜிபிபிஎஸ் கட்டமைப்புக்கு 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. நாட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் ஊரில் உங்கள் அம்மா பேசுவது மாடியறையில் ஒற்றைக் கோடு சிக்னலில் என்றால், கூடத்துக்கு வந்து பேசச் சொல்லிப் பாருங்கள்.

இனி, நீங்கள் கைவைக்கக் கூடாத குறை. சுவர்ப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஃபைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். சுவர்ப் பெட்டிக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவில் ஓடும் மெல்லிய வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுவர்ப் பெட்டி வரை வரும் ஃபைபர், நீங்கள் எந்த நிறுவனத்திடம் சந்தா வாங்கியிருந்தாலும், நெட்லிங்க் டிரஸ்ட் என்ற அமைப்புடையது. பழுதை உங்கள் சேவை நிறுவனத்திடம் சொன்னால் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். ஆள் வருவதற்குக் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். விளக்கின் நிறம், எத்தனை மணிக்கு அறுந்தது, அன்று வீட்டில் எதை நகர்த்தினீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது சோபாவின் கால் அந்த வயர்மேல் ஏறியிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.