எண்ணிக் கட்டும் காலிக் கூடுகளைச் சற்றுத் திருப்பியும் பாருங்கள்

சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் நடக்கும் முதல் வேலை, தரையில் சிதறிக் கிடக்கும் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, கொடுத்த தோட்டாக்களின் கணக்கோடு சரிபார்ப்பதுதான். இந்தி பேசும் சகாக்களிடமிருந்து எங்களுக்கும் ஒட்டிக்கொண்ட சொல்லால் அவற்றைக் ‘கோக்கா’ என்போம். ஒன்று குறைந்தாலும் இருட்டும்வரை புல்லைக் கிளறித் தேடுவார்கள். எண்ணிக்கை சரியாகிவிட்டாலோ, சாக்கின் வாயைக் கட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டா ஏற்றும் .303 துப்பாக்கிகளையும், வாயு விசையால் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் 7.62 எஸ்.எல்.ஆர். துப்பாக்கிகளையும் பழுதுபார்த்தே காலத்தைக் கழித்த ஓர் ஆர்மரர், அதாவது ஆயுதப் பராமரிப்பாளர், என்ற முறையில் சொல்கிறேன்: துப்பாக்கிக்குள் என்ன நடந்தது என்பதை நேரில் கண்டு வந்த ஒரே சாட்சி அந்தக் கூடுதான்.

கூடு பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. உள்ளிருக்கும் வெடிமருந்து எரியும் கணத்தில் அது விரிந்து, தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு இறுக ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைத்துக்கொள்கிறது; அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, கைக்கு எளிதாக வெளியே வருகிறது. துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சோதிப்பதற்கான பன்னாட்டு ஆணையமான சி.ஐ.பி. வகுத்துள்ள அழுத்தத்தின் உச்ச வரம்பு .303-க்கு 365 மெகாபாஸ்கல், 7.62-இன் நெருங்கிய உறவான .308-க்கு 415 மெகாபாஸ்கல். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 3,600 மடங்கும் 4,100 மடங்கும் என்றால், பித்தளை தாங்கும் பாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

அழுத்தம் வரம்பு மீறியதா என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது கூட்டின் அடிப்பகுதி. அங்கே நடுவில் பதிந்து, மருந்துக்குத் தீ மூட்டும் சிறு மூடிதான் பிரைமர்; சுடாத தோட்டாவில் அதன் விளிம்பு மழுங்கலாக வளைந்திருக்கும். சுட்ட பின்னும் அந்த வளைவு ஓரளவு எஞ்சியிருக்க வேண்டும். அது முற்றிலும் தட்டையாகி, பிரைமர் தன் குழியின் ஓரம்வரை பரவி நிரம்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். பிரைமரைக் குத்தித் தீ மூட்டும் ஊசியான ஃபயரிங் பின் பதித்த பள்ளத்தைச் சுற்றிச் சிறு கரை எழும்பியிருந்தாலும், பிரைமரைச் சுற்றிக் கரி வளையம் படிந்திருந்தாலும் அப்படியே. பிரைமர் துளைபட்டிருந்தாலோ, குழியை விட்டு உதிர்ந்தே போயிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை அப்போதே நிறுத்திவிட வேண்டும். கசியும் வாயு, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தை அரிப்பதோடு நிற்காமல், சுடுபவரின் கண்ணையும் தேடி வரும்.

கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர், போல்ட்டின் முகத்திலேயே ஒரு துளைக்குள் ஸ்பிரிங்கோடு அமைந்த துப்பாக்கிகளில், அந்தத் துளைக்குள் பித்தளை பிதுங்கி, அடிப்பகுதியின் எழுத்துகள் மேல் பளபளக்கும் சிறு வட்டமாகவோ பிறையாகவோ பதியும். இது கனமான அறிகுறி. எங்கள் .303-இல் எஜெக்டரின் அமைப்பே வேறு என்பதால், அங்கே இதைத் தேடிப் பயனில்லை.

ஆனால் ஒரே ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. ஒருமுறை பிரைமர்கள் எல்லாம் தட்டையாக இருந்த .303 கூடுகளைக் கொண்டுவந்து, மருந்து அதிகமாகிவிட்டது என்றும் அந்தப் பெட்டித் தோட்டாக்கள் முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்றும் வாதிட்டார்கள். கூட்டை வெயிலில் பிடித்து மெதுவாகச் சுழற்றியபோது, அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் மயிரிழை போன்ற வெளிறிய வளையம் தெரிந்தது. முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மேலும் கீழுமாக இழுத்தால், அதே இடத்தில் முனை தட்டி நின்றது. உட்சுவர் அங்கே பள்ளமாக மெலிந்திருக்கிறது என்று பொருள். குற்றம் மருந்தினுடையதன்று, போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் கூடு ஊன்றி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள, ஹெட்ஸ்பேஸ் எனப்படும் இடைவெளி கூடிப்போயிருந்தது. பிரைமர் முதலில் பின்னோக்கித் துருத்திக்கொள்கிறது, பிறகு பின்வாங்கும் கூடு அதைப் போல்ட்டின் மேல் நசுக்குகிறது, அவ்வளவே. நம்பர் 4 வகை .303 துப்பாக்கியில் நீளத்துக்கேற்ப 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருப்பதே இதைச் சரிசெய்வதற்காகத்தான். சரிசெய்யாமல் விட்டால், ஏதோ ஒரு நாளில் அடிப்பகுதி மட்டும் வெளியே வந்து, மீதிக் கூடு சேம்பருக்குள் சிக்கிக்கொள்ளும்.

பித்தளையை விட முன்னதாகப் பேசுவது சுடுபவரின் கை. போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கித் திறப்பது வழக்கத்தை விடக் கடினமானால், காரணம் கேட்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றக் கூடாது. சித்திரை வெயிலில் வண்டியின் இரும்புத் தளத்தில் நண்பகல்வரை கிடந்த பெட்டியிலிருந்து சுட்டால், காலையில் எளிதாகத் திறந்த அதே துப்பாக்கி மாலையில் முரண்டுபிடிக்கலாம். சூடேறிய மருந்து வேகமாக எரிந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. எளிதாக ஏறட்டும் என்று தோட்டாவில் எண்ணெய் தடவும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். எண்ணெயோ மழைநீரோ படிந்த கூடு சேம்பரின் சுவரைப் பற்றாமல் வழுக்கி, முழு விசையையும் போல்ட்டின் மேல் இறக்கும். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளான காதுகள் அதன் பின்பகுதியில் உள்ள .303-க்கு அது கூடுதல் கேடு.

எஸ்.எல்.ஆர். கூடுகளின் வாய் நசுங்கியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். வெளியே எறியப்படும்போது எதிலாவது மோதுவதால் வரும் காயம் அது. கூட்டின் அடி விளிம்பு வளைந்தோ கிழிந்தோ இருந்தால், துப்பாக்கியை இயக்கும் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் கேஸ் ரெகுலேட்டரை முதலில் பாருங்கள். தேவைக்கு மேல் வாயு போனால், கூடு சேம்பரின் சுவரை விடுவதற்கு முன்பே, அதைப் பற்றி இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிய்த்து இழுக்கிறது.

கூட்டில் குறி எதுவும் இல்லை என்பதால் அழுத்தம் வரம்புக்குள் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பித்தளை வழிந்து அடையாளம் காட்டும்போது, பெரும்பாலும் வரம்பு தாண்டப்பட்டிருக்கும். அதனால் சந்தேகம் எழுந்தால் துப்பாக்கியைக் காலிசெய்து, குழலில் அடைப்பு உண்டா என்று ஒளி விட்டுப் பார்த்து, அன்று அதில் சுட்ட கூடுகளைத் தனி உறையில் போட்டு, துப்பாக்கியின் எண்ணையும் தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதியின் எண்) மேலே எழுதி ஆர்மரரிடம் கொடுங்கள். எல்லாத் துப்பாக்கிகளின் கூடுகளும் ஒரே சாக்கில் கலந்துவிட்ட பிறகு கொண்டுவந்தால், எது எதிலிருந்து வந்தது என்று எங்களாலும் சொல்ல முடியாது.