ஒன்றுக்குப் பத்து: உதைக்கும் மரக்கணக்கு

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன் மாதிரிப் பழைய தெருக்களில் ஒரு தூங்குமூஞ்சி மரம் வெட்டுப்பட்டால், "ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நட்டுவிடுவோம்" என்று சமாதானம் சொல்வார்கள். கணக்கு உதைக்கிறது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், அடிமரத்தைச் சுற்றி டேப் பிடியுங்கள். 188 செ.மீ. வந்தால் 3.14-ஆல் வகுங்கள், விட்டம் 60 செ.மீ. நர்சரியில் 5 செ.மீ. விட்டக் கன்று கிடைத்தாலே பெரிது. தண்டின் குறுக்குப் பரப்பை ஒப்பிட்டால் அந்த ஒரு மரத்துக்கு 144 கன்றுகள் வேண்டும், அதுவும் ஒன்றுகூடப் பட்டுப்போகாமல். ஊருக்கு வெளியே நட்டால் இந்தத் தெருவுக்கு நிழல் ஏது?

மேற்கு வங்க ரயில்வே மேம்பால வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று போட்டு வயதால் பெருக்கியது. 60 வயது மரத்துக்கு 44,70,000 ரூபாய். அது சட்டமாகவில்லை, ஆனாலும் பேரம் பேச ஓர் அளவுகோல் கிடைத்தது.

"வேரோடு பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாமே?" என்பார்கள். வேர்மண் கட்டியின் விட்டம் அடிமரத்தைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். 60 செ.மீ. மரத்துக்கு 6 மீட்டர். ஒரு மீட்டர் ஆழம் எடுத்தாலே மண் மட்டும் 40 டன்னைத் தாண்டும். தெருவில் அதற்கு இடமில்லை. ஆகவே ஒன்றரை மீட்டருக்குச் சுருக்கி, கிளைகளையெல்லாம் மொட்டையடித்து, லாரியில் ஏற்றுகிறார்கள். தண்டில் மிச்சமிருக்கும் சத்தில் துளிர் விடும், போட்டோ எடுப்பார்கள். அடுத்த கோடையைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

கோடரி படாமலே சாகும் மரங்களும் உண்டு. நீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பாலானவை மேல் 60 செ.மீ. மண்ணில்தான் பரவியிருக்கும். வடிகால் வேலையில் அடிமரத்தை ஒட்டி ஜேசிபி ஒரு வாரு வாரினால், அந்தப் பக்கத்தைத் தாங்கும் வேர் மொத்தமும் போச்சு. இலை உடனே வாடாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பிறகு நடைபாதை டைல்ஸை அடிமரம்வரை இறுக்கிப் போடுகிறார்கள். காற்றும் நீரும் போகாமல் வேர் மூச்சுமுட்டும், வெட்டுவாய் அழுகும், அடியில் காளான் தட்டும். ஏப்ரல், மே மாதச் சூறைமழையில் மரம் கார்மேல் சாயும். பழியோ "கிழட்டு மரத்துக்கு"!

தடுப்பது பெரிய வித்தை அல்ல. விட்டத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரத்துக்குள், இந்த மரத்துக்கு 1.8 மீட்டர், இயந்திரம் வரக்கூடாது. அதற்கு வெளியேயும் கடப்பாரை, மண்வெட்டிதான் நல்லது. 5 செ.மீ.க்கு மேல் தடித்த வேர் தட்டினால் வெட்டாமல் குழாயை அதன் அடியில் நுழைத்துவிடுங்கள். மெல்லிய வேரை அறுத்தே ஆகவேண்டுமென்றால் ரம்பத்தால் சுத்தமாக அறுத்து, ஈரச்சாக்கு போர்த்தி, அன்றைக்கே மண் மூடுங்கள்.

வெட்ட அனுமதி தருபவர், 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர அதிகாரி (Tree Officer) என்று நியமிக்கப்பட்ட வனத்துறை அதிகாரி. பொதுத் திட்டத்துக்கு 50 மரங்களுக்கு மேல் வெட்டப்போனால் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்டாக வேண்டும். மனுவில் வெறுமனே "மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதாமல், சுற்றளவு, இருப்பிடம், போட்டோ, வடிகாலை எத்தனை அடி நகர்த்தினால் மரம் பிழைக்கும் என்பதை எழுதுங்கள். டெண்டர் போவதற்கு முன் கொடுத்தால் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவதோடு முடியும். வேலை தொடங்கிவிட்டால் கான்ட்ராக்டர் கூடுதல் பில் காட்டுவார்.