'படைத் தலையீடு': சொல் விளக்கம்

சர்வாதிகாரி ஒருவரை அகற்ற அயல்நாட்டுப் படை நுழைவதை நம் செய்தித்தாள்கள் 'இராணுவத் தலையீடு' என்று எழுதுகின்றன. 'படை' என்ற சொல் இருக்கையில் 'படைத் தலையீடு' என்பதே போதும். விளக்கம் வேண்டியிருப்பது பின்பாதிக்குத்தான்.

'இடு' என்னும் வினை முதலெழுத்து நீண்டு 'ஈடு' ஆகித் 'தலை'யோடு சேர்ந்து 'தலையீடு' ஆயிற்று. சுடு 'சூடு' ஆனதும் கெடு 'கேடு' ஆனதும் இப்படியே. "அடுத்த வீட்டுக் காரியத்தில் தலையிடாதே" என்று தக்கலையில் ஒரு தாய் பிள்ளையைக் கண்டிக்கும்போது, உரிமையில்லாத இடத்தில் நுழைவது என்னும் பழி அச்சொல்லிலேயே இருக்கிறது. 'intervention' என்னும் ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கோ 'இடையே வருதல்' என்பது மட்டுமே பொருள். அதற்கு நெருங்கிய 'இடையீடு' தமிழில் தடை, இடைவெளி என்னும் பொருள்களில் நிலைத்துவிட்டதால், பழியைச் சுமந்த 'தலையீடு' நமக்கு வாய்த்தது. அந்தப் பழி பொருந்துமா என்பதே வழக்கு.

குமரி மாவட்டத்தாருக்கு இவ்வழக்கு புதிதன்று. 1741-இல் குளச்சலில் இறங்கிய டச்சுக் கம்பெனியின் படை, மன்னர் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்ட இளையடத்து சுவரூபம் என்னும் சிறு நாட்டை அதன் அரசிக்கு மீட்டுத் தருவதைத் தன் நியாயமாகக் காட்டியது. அந்த அரசி நாட்டை இழந்தது மெய். மிளகு வணிகம் கைநழுவும் என்று கம்பெனி அஞ்சியதும் அவ்வளவே மெய். (தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டி லனாய் பின்னர் அதே மன்னரின் படைத்தலைவராகி, இன்று உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார்.)

நோக்கத்தையும் விளைவையும் ஒன்றாகக் குழப்புவதை நான் ஏற்கவில்லை. 2003-இல் ஈராக்குக்குள் அமெரிக்கா நுழையக் காட்டிய பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவேயில்லை. 2011-இல் லிபியாவில் பொதுமக்களைக் காக்க ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1973 என்னும் எண்ணுள்ள தீர்மானம் படைபலத்துக்கு இசைவு தந்தது. அக்டோபரில் அந்நாட்டு ஆட்சியாளர் கடாபி கொல்லப்பட்டார். பின்னர் அந்நாடு போட்டி அரசுகளாகப் பிளந்து உள்நாட்டுப் போரில் சிக்கியது. மாறாக, 1978-இல் தன் மண்ணைக் கைப்பற்றிய உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனின் படையை விரட்டத் தொடங்கிய தான்சானியா, தற்காப்புக்காகவே போரில் இறங்கியபோதும், 1979 ஏப்ரலில் தலைநகர் கம்பாலாவைப் பிடித்து அக்கொடிய ஆட்சிக்கு முடிவுகட்டியது. உகாண்டாவுக்கு உடனே அமைதி வந்துவிடவில்லை என்றாலும், அம்மக்களின் முதுகிலிருந்து ஒரு பெரும் பாரம் இறங்கியது.

ஆகவே, படை நுழையும் நாட்டின் அழைப்போ ஐ.நா. இசைவோ இல்லாமல், தற்காப்புக்காகவும் இல்லாமல் எல்லை தாண்டினால் 'படையெடுப்பு' என்றும், இசைவோடு நடந்தால் 'படைத் தலையீடு' என்றும் எழுதுவது தகும். 'மனிதநேயத் தலையீடு' என்பது ஆராய வேண்டிய நோக்கத்தை முன்கூட்டியே மெய்யென்று ஒப்புக்கொண்டுவிடுவதால் அதைத் தவிர்க்கலாம். 'விடுவிப்பு' என்னும் சொல்லை, அந்த ஆட்சியின்கீழ் வாழ்ந்தவர்கள் சொன்னால் மட்டும், அவர்கள் கூற்றாகவே எழுத வேண்டும்.