டீகொமிஷனிங்: பணிநீக்கமா, பிரித்தகற்றலா?

வெள்ளவத்தை வீட்டில் ஒரு மாலை மகள் தமிழ்ச் செய்தி ஒன்றை வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஜெர்மனியில அணுமின் நிலையங்களைப் பணிநீக்கம் செய்யினமாம். அங்க வேலை செய்த ஆக்களையா நிப்பாட்டினவை?"

அவள் கேட்டதில் பிழையில்லை. பணிநீக்கம் என்றால் நமக்கு ஓர் ஆளை வேலையால் நிறுத்துவதுதான். ஜெர்மனி 2023 ஏப்ரல் 15இல் தன் கடைசி மூன்று அணு உலைகளையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு உலைகளைத் துண்டுதுண்டாக எடுத்து, நிலத்தைத் துப்புரவாக்கும் வேலைக்குத்தான் டீகொமிஷனிங் என்று பெயர். அந்த வேலையைப் பணிநீக்கம் என்ற சொல் முழுதாக மறைத்துவிடுகிறது.

கொழும்பில் கொமிஷன் என்றால் தரகுக் காசு, இல்லாவிட்டால் விசாரணை ஆணைக்குழு. இரண்டுக்கும் அடியில் இருப்பது 'ஒப்படைத்தல்' என்ற லத்தீன் பொருள். ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு கப்பலைத் தலைவனிடம் ஒப்படைத்துச் சேவையில் இறக்குவது கொமிஷன். சேவையிலிருந்து எடுப்பது டீகொமிஷன். கப்பலிலிருந்து அந்தச் சொல் அணு உலைக்கு வந்தது.

ஆனால் உலையை நிறுத்துவது தொடக்கம் மட்டுமே. முதலில் எரிபொருளை வெளியே எடுக்க வேண்டும். கதிர்த்தொழிற்பாட்டில் ஏறத்தாழ 99 வீதம் அதோடு போய்விடும். மிச்சம்தான் சிக்கல். வருடக்கணக்கில் நியூத்திரன் என்ற அணுத்துகள்கள் மோதிய உருக்கில் கோபாற்று-60 என்ற கதிர்வீசும் பொருள் உண்டாகியிருக்கும். அது பாதியாகக் குறைய 5.27 ஆண்டு எடுக்கும். 53 ஆண்டு பொறுத்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் 60 ஆண்டு வரை தாமதித்து வேலையை முடிக்கவும் இடம் கொடுக்கிறார்கள். கசிந்து மண்ணுக்குள் போன சீசியம்-137 என்ற இன்னொரு கதிர்வீசும் பொருள் அவ்வளவு விரைவில் போகாது, பாதியாகவே 30 ஆண்டு வேண்டும். கொங்கிறீற்றை வெட்டும்போது கிளம்பும் தூசி, வெட்டும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர், குழாய் கசிந்த இடத்து நிலத்தடி நீர் என்று ஒவ்வொன்றையும் பிடித்து, அளந்து, அடைத்து வைக்க வேண்டும். கவனம் தப்பினால் உலைக்குள் இருந்தது ஊருக்குள் வரும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'செயலிழக்கச் செய்தல்' குண்டுக்குப் பொருந்தும். 'மூடல்' கடைக்கும் பொருந்தும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களைக் 'கழற்றுவார்கள்'. அது உதிரிப்பாகம் விற்பதற்காக, அதனால் இங்கே ஒட்டவில்லை. என் மனம் போவது பந்தலிடம். கலியாணம் முடிந்ததும் பந்தலை இடித்துத் தள்ளுவதில்லை. கட்டிய ஒழுங்குக்கு மறுபுறமாக அவிழ்த்து, கம்புகளை எடுத்து, குழியைத் தூர்த்து, வளவைப் பழையபடி கொடுப்போம். அதைப் பந்தல் பிரித்தல் என்கிறோம். அதிலிருந்து 'பிரித்தகற்றல்' என்று வைத்தால் வேலையும் தெரியும், நிலம் திரும்ப வேண்டும் என்ற பொறுப்பும் தெரியும். உலையைக் கொங்கிறீற்றால் மூடிப் புதைத்துவிடுவதைத் திட்டமிட்ட மூடலுக்குரிய வழியாகச் சர்வதேச அணுசக்தி முகவரகம் ஏற்பதில்லை. ஆகவே சொல் அந்தப் பக்கத்தாலும் சரியாக நிற்கிறது.

இலங்கையில் அணுமின் நிலையம் இல்லை. ஆனால் அமைக்கலாமா என்ற பேச்சு இருக்கிறது, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளமும் இருக்கிறது. உலை கட்ட முன்னரே அதைப் பிரிக்கும் திட்டமும் காசும் பற்றிப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சைத் தமிழர் தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் ஆசை.

மகளிடம் புதுச் சொல்லைச் சொன்னேன். உடனே கேட்டாள்: "பிரிச்சு எங்க கொண்டு போவினம்?"

அமெரிக்காவின் மெயின் யாங்கி நிலையத்தைச் சொன்னேன். 1997இல் மூடி, 2005இல் பிரித்து முடித்தார்கள். கட்டடங்கள் போய்விட்டன. எரிபொருளைக் கொண்டுபோய் வைக்க நிரந்தர இடம் இல்லாததால், அது நிறைந்த 60 கொள்கலன்கள் அதே வளவில், காவலோடு நிற்கின்றன.